ஆறு ஊசி: ஒரு குறும்படம் எடுத்து முடித்த பதிவு

போன சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு எங்கள் ஊர்ப் பொது நோக்கு மண்டபத்தில், எட்டடிக்கு ஐந்தடி வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டோம். 11 நிமிடம் 40 விநாடி. நடுவில் நிற்கவில்லை, சத்தம் அறுபடவில்லை, ஒருவரும் எழுந்து போகவில்லை. இதே படத்தின் முதல் வெட்டு 23 நிமிடம் இருந்தது. அதைப் பார்த்த பெண்கள் பாதியிலேயே தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டுக்கும் இடையில் என்னென்ன பிழை விட்டோம், எதை எப்படித் திருத்தினோம் என்பதை மறந்துபோக முதல் எழுதி வைக்கிறேன். கிளிநொச்சிப் பக்கமோ முல்லைத்தீவுப் பக்கமோ கையில் அதிகம் காசில்லாமல் படமெடுக்க நினைக்கிறவர்களுக்கு இதில் ஏதாவது உதவலாம்.

கதை சின்னது. தங்கச்சிக்குப் பதினைந்து வயது, தரம் 10 படிக்கிறாள். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை. அம்மம்மாவும் மாமாவும் ஒரு சம்பந்தம் பேசி முடிக்கிறார்கள். அக்கா வீட்டில் தையல் தைத்துச் சம்பாதிக்கிறவள். கலியாணச் சாறிக்குச் சட்டை தைக்கிற வேலையும் அவளிடமே வருகிறது. அவள் அதைத் தைக்கவில்லை. இருவருக்கும் படத்தில் பெயர் வைக்கவில்லை. எங்கள் ஊரில் எந்தப் பெயரை வைத்தாலும் அது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் பெயராகத்தான் இருக்கும்.

முதலில் எழுதியது 18 பக்கம். அதில் தையல் மெஷினே இல்லை. அக்கா முற்றத்தில் நின்று மாமாவுக்கு மூன்று பக்கத்துக்குப் பேசினாள். கல்வியின் அருமை, பெண்ணின் உரிமை எல்லாம் வந்தன. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதனால் நன்றாக வந்திருக்கிறது என்று நம்பிவிட்டேன். ஒரு ஞாயிறு பின்னேரம் அதை என் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

என் அக்காவுக்கு 2008இல் கலியாணம் கட்டி வைத்தார்கள். வயது 16. அந்த நாட்களில் பிள்ளைகளைப் புலிகள் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் வன்னியில் எத்தனையோ வீடுகளில் வயது போதாத பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் நடந்தது. எங்கள் வீடும் அதில் ஒன்று. 2011இல், நாங்கள் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, எனக்குப் பதினைந்து வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. அக்காதான் கைப்பிள்ளையோடு வந்து வாசலில் இருந்துகொண்டு, "இவளை விடுங்கோ" என்று சொன்னாள். இரண்டு சொல். அன்று முழுக்க அவள் வாசலை விட்டு எழும்பவில்லை. இந்தப் படத்தை நான் எடுத்ததே அதனால்தான்.

வாசித்து முடிக்கும் வரை அக்கா பேசாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்: "ஆர் இவ்வளவு கதைக்கிறது? எனக்குக் கட்டி வைக்கேக்க நான் ஒரு வார்த்தை கதைக்கேல்ல. சட்டை பெரிசு. பின்னால ஆறு ஊசி குத்தி விட்டவை. குனிஞ்சா குத்தும். குனியாமல் இருக்கோணும் எண்டதுதான் அண்டு முழுக்க என்ர யோசனை."

அன்றிரவே 18 பக்கத்தையும் தூக்கி வைத்துவிட்டு, ஊசியில் இருந்து திரும்பத் தொடங்கினேன். கதையில் வருகிற அக்காவைத் தையல்காரி ஆக்கியது அப்போதுதான். இரவல் சாறிச் சட்டை 36 அங்குலம், தங்கச்சியின் மார்பளவு 29. அந்த ஏழு அங்குலத்தைப் பின்னால் மடித்து ஊசி குத்துகிறார்கள். தையல் நாடா அந்த அளவைச் சொல்லும், அக்கா ஒன்றும் சொல்லத் தேவையில்லை. புதிய எழுத்து ஆறு பக்கத்தில் முடிந்தது.

அந்த ஆறு பக்கத்திலும் ஒரு பெரிய பிழை இருந்தது. மாமா பெற்றோரின் சம்மதக் கடிதத்தைக் காட்டிப் பதிவாளரிடம் எழுத்து எழுதுவதாக, அதாவது கலியாணத்தைப் பதிவதாக, ஒரு காட்சி வைத்திருந்தேன். ஓய்வுபெற்ற விவாகப் பதிவாளர் ஒருவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படி எழுத ஏலாது என்றார். பொதுச் சட்டத்தில் பெண்ணுக்கு 12 என்று இருந்த வயதை 1995இல் 18 ஆக்கிவிட்டார்கள். ஆணுக்கும் அதுதான். தாய் தகப்பன் கையெழுத்து வைத்தாலும் 18க்குக் கீழே பதிய வழியில்லை. அதனால்தான் இப்படியான வீடுகளில் தாலி மட்டும் நடக்கும், "எழுத்தைப் பிறகு பாப்பம்" என்பார்கள். எனக்கு இதைவிட நல்ல வசனம் கிடைத்திருக்காது. படத்தில் மாமா அதை இரண்டு முறை சொல்கிறார். அந்தப் பதிவாளருக்கு நான் ஒரு வணக்கம் கடன்பட்டிருக்கிறேன்.

நடிகர்கள் விஷயத்தில் நான் விட்ட பிழையை ஒளிக்காமல் எழுத வேண்டும். பதினாலு வயதுப் பிள்ளை ஒருத்தியைத் தேர்ந்திருந்தேன். தாயும் ஓம் என்றார். கலியாணச் சாறி உடுத்துகிற காட்சி இருக்கிறது என்பதை ஒழுங்காக விளங்கப்படுத்தாமல் விட்டேன். படப்பிடிப்புக்கு முதல் நாள் இரவு தாய் வந்து, பிள்ளைக்கு மணப்பெண் வேசம் போட்டால் ஊர் கதைக்கும், மன்னிக்கச் சொன்னார். அவர் செய்தது சரி. வயது போதாத பிள்ளைக்கு மணப்பெண் கோலம் போடக்கூடாது என்று சொல்கிற படத்துக்காகவே ஒரு பிள்ளைக்கு அந்தக் கோலம் போடப் பார்த்திருக்கிறேன். படப்பிடிப்பை இரண்டு கிழமை தள்ளினோம். உயர்தரம் எழுதி முடித்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருவர் கிடைத்தார். நாலடி பத்தங்குலம். இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சீருடையும் போட்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைதான். முழு எழுத்தையும் வாசிக்கக் கொடுத்து, எந்தக் காட்சியில் என்ன உடுப்பு என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். தாலியைக் கமராவில் காட்டுவதில்லை என்றும் அதிலேயே எழுதினோம்.

அக்காவாக நடித்தவர் முன்பள்ளி ஆசிரியை. மாமாவாக வந்தவர் முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடுகிற அண்ணை. குரல் வயல் தாண்டிக் கேட்கும். முதல் நாள் எடுத்த எல்லாவற்றிலும் அவர் சபைக்குச் சொல்வது போலவே பேசினார். மெதுவாகப் பேசுங்கோ என்றால் முகம் வாடிப் போகிறது. கடைசியில் அவர் கையில் சோற்றுக் கோப்பையைக் கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே பேசச் சொன்னோம். குரல் தானாக இறங்கியது. மாமா பேசுகிற காட்சிகள் முக்கால்வாசியும் சாப்பாட்டு நேரத்தில் நடப்பதற்குக் காரணம் அதுதான்.

கமரா கனொன் 200டி. கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற ஒரு தம்பியிடம் இரவல். எதற்கு என்று சொன்னதும் அவன் காசு வேண்டாம் என்றுவிட்டான். பதிவாளர் வராத, வெளியாட்களைக் கூப்பிடாத கலியாணங்களுக்கும் தான் போயிருப்பதாகவும், அப்படியான அல்பங்களில் பொம்பிளைப் பிள்ளை ஒரு படத்திலும் கமராவைப் பார்ப்பதில்லை என்றும் சொன்னான். இதை எழுத்தில் சேர்த்தோம். படத்தில் தங்கச்சி கடைசிக் காட்சியில்தான் கமராப் பக்கம் திரும்புகிறாள்.

50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் ஸூம் எச்1என் ரெக்கோடர் ஒன்றும் வாடகைக்கு எடுத்தோம். நாளுக்கு 3,000 ரூபாய். அந்த லென்ஸ் வீண் செலவு. நாங்கள் எடுத்தது வீட்டுத்திட்ட வீடு, அறை பத்தடிக்குப் பத்தடி. இந்தக் கமராவில் 50 மி.மீ. என்பது 80 போலக் கிட்டக் காட்டும். மெஷினையும் இரண்டு பேரையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவர, கமராவை யன்னலுக்கு வெளியே வைக்க வேண்டி வந்தது. இரண்டாம் நாளிலிருந்து கமராவோடு வந்த 18-55 லென்ஸை 24 மி.மீ.இல் வைத்தே எடுத்தோம். 50ஐ ஊசிக்கும் விரலுக்கும் மட்டும் பாவித்தோம்.

இரவில் எடுத்த முதல் காட்சி முழுவதும் வீணானது. கமரா என்.டி.எஸ்.சி. என்ற, 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கான வீடியோ முறையில் இருந்திருக்கிறது, ஷட்டர் வேகம் 1/60 விநாடி. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமராவின் சின்னத் திரையில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து லப்டொப்பில் போட்டால் எல்.இ.டி. பல்ப் வெளிச்சத்தில் கறுப்புப் பட்டை பட்டையாகச் சுவரில் ஏறி இறங்குகிறது. வெட்டும்போது நீக்கலாம் என்று மூன்று நாள் மினைக்கெட்டேன், முடியவில்லை. மெனுவில் 50 ஹேர்ட்ஸுக்கான பி.ஏ.எல். (PAL) முறைக்கு மாற்றி, விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்ததும் பட்டை போய்விட்டது. மாற்ற ஒரு நிமிடம் போதும். அதைப் பார்க்காமல் விட்டதால் பதினொரு பேரின் ஓர் இரவு போனது.

வெளிச்சத்துக்கு 9 வாட் எல்.இ.டி. பல்ப் நாலு வாங்கினோம். பெட்டியைப் பார்க்காமல் வாங்கியதில் இரண்டு மஞ்சள், இரண்டு வெள்ளை. ஒன்றாகப் போட்டால் ஒரு கன்னம் மஞ்சள், மற்றது நீலம். மஞ்சள் இரண்டை மட்டும் வைத்து, வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து முன்னால் கட்டினோம். பகலில் ரெஜிஃபோம் (தெர்மோகோல்) தட்டு ஒன்றை வாசலில் சாய்த்து வைத்தால் போதும், வன்னி வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை வெளியே எடுக்க வேண்டாம். முகத்தில் கண் இருக்கிற இடம் இருட்டுக் குழியாகிவிடும்.

ஆனால் எங்களை உண்மையில் வதைத்தது சத்தம். ஆடி மாதம், சோளகக் காற்று சுழற்றி அடித்தது. ரெக்கோடருக்குப் பிள்ளைகளின் பழைய பொம்மை ஒன்றின் மயிர்த்தோலை வெட்டி உறை தைத்தேன். காற்று முக்கால்வாசி அடங்கியது. ஒழுங்கையில் லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் போனால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான். குசினி தகரக் கொட்டில். வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் தகரம் டக் டக் என்று வெடிக்கும். நனைத்த சாக்கு ஆறு மேலே போட்டோம், நின்றது. அரை மணிக்கு ஒருக்கால் ஏறித் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

தையல் மெஷின் சத்தத்துக்கு வழி கண்டுபிடிக்க ஒன்றரை நாள் போனது. காலால் மிதிக்கிற பழைய மெஷின். அக்கா தைத்துக்கொண்டே பேசினால் ஒரு சொல் விளங்காது. மெதுவாக மிதித்தால் நூல் அறுந்தது. எண்ணெய் விட்டுப் பார்த்தோம், துணியில் கறை பிடித்ததுதான் மிச்சம். மெஷினின் உரிமைக்கார அம்மாதான் வழி சொன்னார்: பெல்ட்டைக் கழற்றி விடு பிள்ளை. தோல் பெல்ட்டைக் கழற்றினால் கால் மிதிக்கும், கீழ்ச் சில்லு சுற்றும், மேல் மெஷின் அசையாது. சட்டகத்தில் முகமும் தோளும் மட்டும் இருந்தால் தைக்கிறாள் என்றுதான் தெரியும், சத்தம் இல்லை. பிறகு பெல்ட்டைப் போட்டு, கதவு யன்னல் எல்லாம் பூட்டி, ரெக்கோடரை மெஷினிலிருந்து ஒன்றரை அடியில் வைத்து, வேகமாகவும் மெதுவாகவும் நடுவில் நிறுத்தியும் பத்து நிமிடம் பதிந்தோம். படத்தில் கேட்கிற மெஷின் சத்தம் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்திலிருந்து எடுத்தது. தங்கச்சி "அக்கா, எனக்கு விருப்பமில்லை" என்று சொல்கிற இடத்தில் மெஷின் நிற்கிறதே, அந்த நிற்றலை நாலு விதமாகப் பதிந்து வைத்திருந்தேன். கை வைத்துச் சில்லை மறித்து நிறுத்தியதுதான் சரியாக வந்தது.

ஐந்து நாளில் எடுத்து முடித்தோம். டாவின்சி ரிசொல்வ் என்ற வீடியோ வெட்டுகிற மென்பொருளின் இலவசப் பதிப்பில் வெட்டினேன். என் லப்டொப் 8 ஜிபி, நேரடியாக வெட்டினால் திணறும். எல்லாக் கோப்புக்கும் சின்ன அளவில் ஒரு பிரதி எடுத்து வைத்து வெட்டிய பிறகுதான் வேலை ஓடியது.

கார்த்திகையில் 23 நிமிட வெட்டை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துப் பெண்கள் பதினான்கு பேருக்குக் காட்டினேன். அதில் மாமா குடிக்கிறார், உறுக்குகிறார், மாப்பிள்ளை வீட்டில் காசு வாங்குகிறார். முடிவில் பொலிஸ் ஜீப் வந்து கலியாணத்தை நிறுத்துகிறது. பார்த்து முடிந்ததும் வயதான அம்மா ஒருவர் சொன்னார்: "மாமனைக் கள்ளன் மாதிரிக் காட்டியிருக்கிறாய் பிள்ளை. எங்கட வீடுகளில கட்டிக் குடுத்தவை கூடாத ஆக்களில்லை. பயந்த ஆக்கள். இதைப் பாக்கிற ஒரு தகப்பனும் தன்னை எண்டு நினைக்கமாட்டான்."

இன்னொருவர் ஜீப்பைப் பற்றிக் கேட்டார். ஜீப் போன பிறகு அந்தப் பிள்ளை எந்த வீட்டில் சாப்பிடும்? அம்மம்மா அவளோடு கதைப்பாவா?

எனக்குப் பதில் இல்லை. அன்றிரவு அக்காவிடம் சொன்னபோது, எங்கள் அப்பா 2008இல் கலியாணத்துக்கு முதல் நாள் கிணற்றடியில் தனியாக நின்று அழுததைச் சொன்னாள். பதினாறு வருடத்தில் எனக்குச் சொல்லாதது.

மார்கழியில் இரண்டு நாள் திரும்ப எடுத்தோம். ஆடியில் காய்ந்து கிடந்த வயல் இப்போது பச்சை, ஒழுங்கை முழுக்கச் சேறு. வெளிக் காட்சி ஒன்றையும் பழையதோடு ஒட்ட முடியாது. எல்லாவற்றையும் வீட்டுக்குள், இரவில் வைத்தேன். மாமா குடிப்பதை எடுத்துவிட்டு, நுண்கடன் கொப்பியை விரித்துக் கட்ட வேண்டிய கிழமைகளை எண்ண விட்டேன். ஆண் துணை இல்லாத வீட்டுக் கதவுக்கு அவர் புதுக் கொளுக்கி ஒன்று பூட்டுகிற காட்சி இப்போது படத்தின் நடுவில் இருக்கிறது. திருகாணியை முறுக்கிக்கொண்டே, "பெட்டை போனில ஆரோடயோ கதைக்கிறாளாம், ஏதும் நடந்தால் உன்ர கொம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது" என்கிறார். கூத்து அண்ணைக்கு அந்த வசனத்துக்குச் சாப்பாடு தேவைப்படவில்லை.

ஜீப்பை வெட்டினேன். அதற்குப் பதில் அக்கா சீருடைத் துணியைத் தைத்து முடித்துவிட்டு, தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பிரதேச செயலகத்துக்குப் போகிறாள். சைக்கிள் மட்டும் ஆடியில் எடுத்தது, இரணைமடு வாய்க்கால் ஓரம். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். சத்தம் போடவில்லை. சான்றிதழை மெஷின் பலகையில் வைத்துப் பிறந்த திகதியில் விரலை வைக்கிறார். மாமா அதைப் பார்க்கிறார். சாறிச் சட்டை, ஆறு ஊசியோடு, கதிரை முதுகில் தொங்குகிறது.

செலவு: ஏழு நாள் சாப்பாடு 44,000. பெற்றோலும் ஓட்டோவும் 17,000. முதல் ஐந்து நாள் லென்ஸ், ரெக்கோடர் வாடகை 15,000. மார்கழிக்கு ரெக்கோடர் இரவல் கிடைத்தது. மெமரி காட், பற்றரி செல் 7,200. துணி, உடுப்பு 6,800. பல்ப், வயர், ரெஜிஃபோம் 5,600. நடித்தவர்களுக்குக் கொடுக்க முடிந்தது 26,000 மட்டும். மொத்தம் 1,21,600 ரூபாய். என் டியூசன் காசும் அக்காவின் சீட்டுக் காசும்.

திரும்பச் செய்வதென்றால் முதலில் பணம் போடுவது சத்தத்துக்கு. உடுப்பில் குத்துகிற மைக் இரண்டு வாங்குவேன், லென்ஸ் எடுக்க மாட்டேன். எழுத்தை எடுக்க முதல் அந்தப் பதினான்கு பெண்களுக்கும் வாசித்துக் காட்டுவேன். ஒரு வருடத்தின் ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் முடிப்பேன். கடைசி அட்டையில் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 தொலைபேசி இலக்கத்தை நாலு விநாடிதான் வைத்திருந்தேன். அது போதவே போதாது. சனிக்கிழமை படம் முடிந்து விளக்குப் போட்டதும் பின்வரிசையிலிருந்து ஒருவர், பொம்பிளைப் பிள்ளைகளின் தகப்பன், அந்த நம்பரைத் திரும்பக் காட்டச் சொன்னார். காட்டினேன். போனில் பதிந்துகொண்டு, "தேத்தண்ணி குடிச்ச அந்தப் பிள்ளை எந்தக் கந்தோரில இருக்கிறவ?" என்று கேட்டார். பிரதேச செயலகத்தில் அப்படி ஓர் உத்தியோகத்தர் இருப்பார் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

நேற்று அட்டையைப் பன்னிரண்டு விநாடியாக்கி, பிரதேச செயலகத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் அதிலே எழுதி, படத்தைத் திரும்ப ஒரு கோப்பாக வெளியே எடுத்தேன். இந்த லப்டொப்பில் 38 நிமிடம் பிடித்தது. அடுத்த கிழமை ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கேட்டிருக்கிறார்கள். அக்கா திரைத்துணியின் நாலு ஓரமும் மடித்துத் தைத்து, கயிறு போகத் துளை வைத்துத் தந்திருக்கிறாள். இனி ஊசி குத்திக் கட்டத் தேவையில்லை.